முதல் மிடறு

டாக்டரம்மா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வாயில் கொஞ்சம் தண்ணீர், கையில் ஒரு ஊசி. இரண்டுக்கும் என் கணவர் தலையை இடதும் வலதுமாக அசைத்துவிட்டார்.

டாக்டரம்மா என்னை வார்டுக்கு வெளியே, தள்ளுவண்டிகள் நிறுத்தியிருந்த சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நெனவோட இருக்கிற ஆளு வேண்டாம்னு சொல்லும்போது நான் கையப் பிடிச்சு ஊசி குத்த முடியாதும்மா. நெனவு தப்பினா குத்திடுவேன். ஆனா அதுவரைக்கும் கிட்னி தாங்காது. ஏற்கெனவே கல் இருந்த உடம்புன்னு நீங்களே சொல்றீங்க. நேத்திலேர்ந்து சொட்டு சிறுநீர் எறங்கல. சாயங்காலத்துக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

"சொல்லிப் பாத்துட்டேன் டாக்டர். அழுதும் பாத்துட்டேன்."

"யார் சொன்னா கேப்பாரு?"

யார் சொன்னால் கேட்பார் என்பது எங்கள் ஆலையில் எல்லோருக்கும் தெரியும். என் கணவருக்கு அங்கே 'பூட்டு' என்று பெயர். அதிகம் பேச மாட்டார். ஆனால் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டால், அதற்கப்புறம் அவரை யாராலும் திறக்க முடியாது. "பூட்டு இங்க இருக்கு, சாவி தலைவர் இடுப்புல இருக்கு" என்று தறிக்கூடத்தில் கேலி பேசுவார்கள். அந்தத் தலைவர் என் கூடப்பிறந்த அண்ணன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆள் நான்கு தறி பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இனி எட்டுத் தறி பார்க்க வேண்டும் என்று ஆலை உத்தரவு போட்டது. முடியாது என்ற முப்பது பேரை வெளியே அனுப்பியது. என் கணவரும் அதில் ஒருவர். அந்த முப்பது பேரையும் திரும்ப எடுக்கும்வரை சாப்பிட மாட்டோம் என்று அண்ணனும், என் கணவரும், இன்னும் இரண்டு நெசவாளிகளும் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நான் அதே ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிரிவும் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

இப்படி உட்காருவது எங்கள் சங்கத்துக்குப் புதிதல்ல. முன்பு ஒரு முறை, உட்கார்ந்தவர்களில் ஒருவர் தலையணை உறைக்குள் பன் ஒளித்து வைத்திருந்ததை ஆலைக்காரர்கள் படம் பிடித்துச் சுவரெங்கும் ஒட்டிவிட்டார்கள். ஊரே சிரித்தது. அந்தப் போராட்டம் பன்னோடு போயிற்று. அதன் பிறகுதான் அண்ணன் அந்த விதியைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் நடுவில் ஒரே ஒரு பித்தளை டம்ளர் இருக்கும். போராட்டம் முடியும்போது அதில் முதல் மிடறு தலைவருடையது. அவர் குடித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் அதே விதிதான். உப்புத் தண்ணீர் மட்டும் விலக்கு. இதற்கு ஒவ்வொருவரிடமும் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மற்றவர்கள் அதை மேடைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை மயங்கி விழுந்த மற்ற இருவரும் ஆஸ்பத்திரியில் ஊசியும் போட்டுக்கொண்டார்கள், பாலும் குடித்தார்கள். யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. என் கணவர் மட்டும் சொன்னதைச் சொன்னபடி பிடித்துக்கொண்டார். மூன்று நாளைக்கு முன்னால் அண்ணன் மைக்கைப் பிடித்து, "இன்னியிலேர்ந்து தண்ணியும் கிடையாது" என்று அறிவித்தபோது, கையில் இருந்த உப்புத் தண்ணீரை இவர் அப்படியே மண்ணில் ஊற்றினார். கூட்டம் கைதட்டியது. நானும் கைதட்டினேன்.

வார்டுக்குள் போய் அவர் காதருகே குனிந்தேன். உதடு வெடித்து, வெடித்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"அண்ணன் வந்து குடிச்சா நீங்க குடிப்பீங்கல்ல?"

ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தார்.

பக்கத்துக் கட்டில் கிழவியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன்.

ஆலை வாசலில் வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. முதல் வாரம் நிற்க இடம் இருக்காது. இப்போது பந்தல் நிழலுக்குள் அடங்குகிற கூட்டம்தான். சங்கத்தின் துணைத்தலைவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடி போடுகிறவர் என்பதால் அவரை எல்லோரும் கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். ஆனால் அவர் பேசினால் கைக்குழந்தைகூடத் தூங்கிவிடும்.

அண்ணன் மேடையில், சிமெண்ட் மூட்டைச் சாக்கில் தைத்த மெத்தைமேல் படுத்திருந்தார். கன்னம் ஒட்டி, மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. இதை நான் சொல்லியாக வேண்டும்: அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. மற்றவர்களைப் பட்டினி போட்டுவிட்டு ஒளிந்து தின்கிற ஆள் இல்லை. மூன்று நாளாக அவர் வாயிலும் தண்ணீர் படவில்லை.

எங்கள் அப்பா போன பிறகு, பதினைந்து வயதில் நூல் கட்டுத் தூக்கி என்னைப் படிக்க வைத்தவர் அவர். ஆலையில் பெண்கள் கழிவறைக்குப் போனால் சம்பளம் பிடிப்பார்கள் என்று ஒரு காலம் இருந்தது. அதை நிறுத்தியவர் அவர். கைக்குழந்தைக்காரிகளுக்குத் தொட்டில் அறை வாங்கித் தந்தவர் அவர். அன்று ஆலையின் அடியாட்கள் அடித்த அடியில் பிளந்த மண்டையின் தழும்பில் இன்னும் முடி முளைக்கவில்லை. ஆயிரம் பேரின் பிள்ளைகள் என்ன வகுப்பு படிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். யார் வீட்டிலாவது சாவு என்றால் முதலில் போய் நிற்பதும் அவர்தான். ஆனால் எங்கே போனாலும் முதலில் நிற்க வேண்டும் அவருக்கு. வரிசையில் இரண்டாவதாக நின்று நான் பார்த்ததில்லை. அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவன் மறு வருஷம் சங்கத்தில் இருந்ததில்லை.

"அண்ணே," என்றேன். "அவர் போயிட்டிருக்காரு."

கண்ணைத் திறந்தார். "மச்சான் எப்படி இருக்காரு?"

"இருக்காரான்னு கேளு. நீ குடிச்சாதான் குடிப்பேங்கிறாரு. டாக்டர் சாயங்காலம் வரைக்கும்தான் சொல்லியிருக்காங்க."

"பாப்பா, நான் இப்ப குடிச்சா முப்பது குடும்பம் தெருவுல நிக்கும். ஆலைக்காரன் அதுக்குத்தான் காத்துட்டு இருக்கான். மச்சானுக்கு அது புரியும். அவர் தங்கம்."

"தங்கத்த வச்சு நான் என்ன பண்றது? எனக்கு ஆள் வேணும்."

"இன்னும் ரெண்டு நாள். அவனுங்க எறங்கி வருவானுங்க."

"அவருக்கு ரெண்டு நாள் இல்ல அண்ணே!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. கண்ணாடியின் பேச்சு நின்றது. அண்ணன் என் கையைப் பிடித்தார். அவர் கை காய்ந்த சருகு மாதிரி இருந்தது. "போ. அவர் பக்கத்துல இரு," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பந்தலுக்குப் பின்னால் குழாயடியில் அண்ணி துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துணியை வாளியில் போட்டாள்.

"என்ன நாத்தனாரே, சாமி வரம் குடுத்துச்சா?"

நான் அந்த ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணி வாய்த் துடுக்குக்காரி. அண்ணனைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லாததை அவள் சமையலறையில் நின்று சத்தமாகச் சொல்வாள். அன்று அவள் வாயும் தடுமாறியது. என் பக்கத்தில் குந்தினாள்.

"சொல்லக் கூடாதுன்னு என் தலைமேல கை வச்சுச் சத்தியம் வாங்கியிருக்காரு உங்கண்ணன். என் தலை போனா போகட்டும். கேட்டுக்க. தண்ணி வேணாம்னு மைக்குல சொன்னாரே, அன்னிக்கு மத்தியானம் ஆலையிலேர்ந்து ஒரு ஆள் எங்க வீட்டுக்கு வந்தாரு. பின்வாசல் வழியா. நான் உடுப்பெடுக்க வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கண்ணனுக்குச் சொல்லச் சொல்லி என்கிட்டதான் சொன்னாரு."

"என்னன்னு?"

"முப்பது பேரையும் எடுத்துக்கறோம். நாலு தறியே போதும். ஆனா உங்கண்ணன் சங்கத்த விட்டும் போகணும், ஆலைய விட்டும் போகணும். அவ்வளவுதான்."

குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதை மூட எனக்குத் தோன்றவில்லை.

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'நான் போயிட்டா கண்ணாடி கையில சங்கம் போகும், ஒரே வருஷத்துல வித்துடுவான்'னாரு. அப்புறம் எழுந்து போய் மைக்கப் புடிச்சாரு. தண்ணியும் கிடையாதுன்னாரு. பேச்சு முறிஞ்சு போச்சுன்னாரு." அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இவருக்கு ஏறத் தெரியும். எறங்கத் தெரியாது. உன் புருஷன் அதுக்குக் கீழ நின்னு ஏணியப் புடிச்சுக்கிட்டு சாவறான்."

நான் திரும்பப் பந்தலுக்குள் எப்படி வந்தேன் என்று நினைவில்லை. மேடை ஓரத்தில் முட்டி போட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"பின்வாசல் வழியா வந்த ஆளைப் பத்தி எனக்குத் தெரியும்."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண் மட்டும் உள்ளே போய்விட்டது.

"நான் கூட்டத்துல சொல்ல மாட்டேன். உன் பேரு உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் பண்ணு. ஆஸ்பத்திரிக்கு வா. அவர் முன்னால ஒரு வாய் குடி. ஜெயிச்சுட்டோம்னு சொல்லு. அவர் குடிச்சுடுவாரு. அப்புறம் நீ திரும்பி வந்து படுத்துக்க. யாருக்கும் தெரியாது."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"இவங்க எல்லாருக்கும் சொல்லியிருக்கியே, எனக்கு ஒண்ணு சொல்ல மாட்டியா? எனக்குப் பொய் போதும் அண்ணே. உண்மை வேணாம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். தலை சுற்றியிருக்க வேண்டும், கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி ஓடிவந்தார். "தலைவரே, எங்க? எழுந்தா படம் எடுத்துடுவானுங்க!"

"மச்சானைப் பாத்துட்டு வரேன்," என்றார் அண்ணன். நான் பித்தளை டம்ளரை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் அவர் என் தோளில் சாய்ந்து வந்தார். வழியெல்லாம் சுவர்களில் அவர் படம் ஒட்டியிருந்தது. அவர் பார்க்கவில்லை.

என் கணவர் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். வீட்டில் அவர் அண்ணனை 'மச்சான்' என்பார். வேலை இடத்திலும் போராட்டத்திலும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"தலைவரே," என்றார். குரல் காற்று மாதிரி வந்தது. "முடிஞ்சுதா?"

நான் கூஜாவிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி அண்ணன் கையில் கொடுத்தேன். டாக்டரம்மா ஊசியோடு வாசலில் நின்றார். ஒரு வார்த்தை, ஒரு மிடறு. அவ்வளவுதான் பாக்கி.

அண்ணன் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார்.

"முப்பது பேரையும் எடுத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார் என் கணவர். கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். உதடு பிளந்து புதிதாக ரத்தம் வந்தது.

அந்தச் சிரிப்பைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். டம்ளரைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டார்.

"எடுத்துக்கறேன்னாங்க. மூணு நாளைக்கு முன்னாலயே சொன்னாங்க. நான் மட்டும் வெளிய போகணும்னு கேட்டாங்க. நான் ஒத்துக்கல. யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கே சொல்லியிருந்தா நீங்க அன்னிக்கே தண்ணி குடிச்சிருப்பீங்க."

நான் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "ஒரே ஒரு பொய்தானே கேட்டேன்! அதுக்கும் உனக்கு மனசு வரலையா? வேணாங்கறப்ப எதுக்கு உண்மை?"

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் மார்பில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"இத என்கிட்ட சொல்லி என்ன பண்றது? அங்க போய் சொல்லுங்க."

"சொல்றேன். நீங்க மொதல்ல..."

"சொல்லிட்டு வாங்க."

அவ்வளவுதான். பூட்டு விழுந்துவிட்டது. டாக்டரம்மா வெளியே பார்த்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

ஆலை வாசலில் அண்ணன் மேடையில் ஏறவில்லை. கீழே, பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் நின்றார். தொண்டையில் சத்தம் இல்லை. கண்ணாடி மைக்கை அவர் வாயருகே பிடித்தார், என்ன வரப்போகிறது என்று தெரியாமலே.

"ஆலையிலேர்ந்து சமரசத்துக்கு ஆள் வந்துச்சு," என்றார். "முப்பது பேரையும் எடுத்துக்கறேன்னாங்க. நாலு தறியே போதும்னாங்க. நான் போகணும்னு மட்டும் கேட்டாங்க. பேச்சு முறிஞ்சு போச்சுன்னு உங்ககிட்ட சொன்னேன். முறியல. நான் முறிச்சேன். நான் இல்லாம நீங்க இருக்க முடியாதுன்னு நெனச்சேன். நெசத்துல, நீங்க இல்லாம நான் இருக்க முடியாது. அதுக்காக மூணு நாளா உங்களப் பட்டினி போட்டேன். பூட்டு அங்க உயிருக்குப் போராடறாரு. அது நான் செஞ்சது."

எங்கள் பிரிவில் நூல் சுற்றும் கதிரில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற அக்கா எழுந்தாள். அவள் மகனும் அந்த முப்பது பேரில் ஒருவன்.

"எம்புள்ள நேத்து ஊர விட்டே போயிட்டான்யா," என்றாள். "வேலை இல்லன்னு எங்கயோ லாரி ஏறிப் போயிட்டான். ஒரு நாள் முன்னால நீ சொல்லியிருந்தா இருந்திருப்பான்." அவள் கத்தவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். ஒரு செருப்பு வந்து அண்ணன் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் நகரவில்லை. இன்னொன்று வந்தது. யாரோ அவர் சட்டைப்பையைப் பிடித்து இழுத்ததில் அது கிழிந்து தொங்கியது. நாங்கள் அடிவாங்கக் கூடாது என்று மண்டையைக் கொடுத்த மனிதர் எங்கள் கையாலேயே அடிவாங்கிக்கொண்டு நின்றார்.

கண்ணாடிதான் நடுவில் புகுந்து நிறுத்தினார். மைக் அவர் கையிலேயே இருந்தது, அணைக்க மறந்துவிட்டார். அதனால் அவர் அண்ணனிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே தலைவரே. என்னை நம்பலையா?"

"நம்பல," என்றார் அண்ணன்.

"இப்ப?"

"இப்பவும் முழுசா இல்ல. ஆனா அதுக்கும் எனக்கும் இனிமே சம்பந்தம் இல்ல. நீ போய்ப் பேசு."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள், அழுகையோடு. கண்ணாடியும் இரண்டு பெண்களும் சின்னக் கதவு வழியாக மானேஜர் அறைக்குப் போனார்கள். அந்தக் கதவு மறுபடியும் திறக்கும்வரை நான் பட்டதை எழுத எனக்கு வார்த்தை இல்லை. ஆலைக் கூரையில் வெயில் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகிக்கொண்டிருந்தது. வந்தார்கள். அதே பேச்சுதான் என்றார்கள். முப்பது பேர் உள்ளே, ஒரு ஆள் வெளியே. அண்ணன் நின்றபடியே விலகல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடி ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடிங்க தலைவரே. முடிஞ்சுது."

அண்ணன் கையால் தடுத்தார். "மொதல்ல பூட்டு குடிக்கட்டும். இனிமே மொத மிடறு எனக்கு வேணாம். கடைசி மிடறுதான் எனக்கு."

செருப்பு வீசிய கூட்டம்தான். இரண்டு பேர் கைதட்டினார்கள். பிறகு பத்துப் பேர். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன். அவரை இழுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன்.

வார்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். என் கணவரின் கண் பாதி செருகியிருந்தது. டாக்டரம்மா கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லிட்டாரு," என்றேன். "எல்லார் முன்னாலயும். எல்லாரையும் எடுத்துக்கிட்டாங்க. குடிங்க."

அவர் உதடு அசைந்தது. "தலைவர்... குடிச்சாரா?"

அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நான் தலைவர் இல்ல. இன்னிக்கு நீங்கதான் மொதல்ல. நீங்க குடிச்சாதான் நான் குடிப்பேன்."

என் கணவர் தலையை அசைத்தார். இல்லை என்று.

"நான் அதுக்குத் தகுதி இல்லாதவன், மச்சான். நீங்க குடிங்க."

மறுபடியும் இல்லை. சத்தியம் சத்தியம்தான் அவருக்கு. அண்ணனும் விடவில்லை. கையைக் கூப்பினார். "உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். நீங்க முதல்ல." ஒருவர் படுத்துக்கொண்டு, ஒருவர் தரையில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் அந்த டம்ளர். வாழ்நாளெல்லாம் முதலில் நின்ற மனிதருக்குக் கடைசியில் நிற்பதற்கும் ஒரு மேடை தேவைப்பட்டது.

"கைதட்ட இங்க ஆள் இல்ல அண்ணே!" என்றேன். "யாரும் பாக்கல. நீ நல்லவனாகறதுக்கும் அவர்தான் சாகணுமா? குடி! தோத்தவனாவே குடி!"

வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில் கிழவி எழுந்து உட்கார்ந்தாள். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. செருப்படி படும்போதுகூட அவர் முகத்தில் தலைவர் இருந்தார். இப்போது இல்லை. நூல் கட்டுத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கூலி குறைந்ததற்கு அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்ற அந்தப் பதினைந்து வயதுப் பையன்தான் இருந்தான்.

டம்ளரை எடுத்தார். கூடாத பொருளைத் தின்பவர் போல, யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு மிடறு குடித்தார். காய்ந்த தொண்டையில் அது இறங்காமல் புரையேறியது. இருமி, பாதி சட்டையில் சிந்தி, மறுபடி குடித்தார். தண்ணீரோடு கண்ணீரும் மூக்குநீரும் சேர்ந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. டம்ளரை நீட்டினார்.

என் கணவர் வாயைத் திறந்தார். நான் கரண்டியால் ஊற்றினேன். டாக்டரம்மா அடுத்த நொடியே அவர் கையில் ஊசியைக் குத்தினார்.

உயிர் தங்கிற்று. கிட்னி தங்கவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் என்றால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பதுபோல் பேசாமல் போனார்.

முப்பது பேர் உள்ளே போனார்கள் என்று பெயர். அந்த அக்காவின் மகன் திரும்பி வரவே இல்லை. என் கணவருக்கும் ஆலை அட்டை வந்தது, ஆனால் தறி முன்னால் நிற்க உடம்பில் வலு இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அவருக்கு மிஷின் வைத்து ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். நான் நூல் சுற்றுகிறேன். கண்ணாடி சங்கத்தை விற்கவில்லை. பெரிதாக எதையும் வாங்கித் தரவும் இல்லை. அவர் பேசினால் இப்போதும் தூக்கம் வருகிறது. ஆனால் கூட்டம் கலைவதில்லை.

அண்ணன் ஒரு மரக்கடையில் பலகை இறக்குகிறார். மிஷின் நாட்களில் விடியும்போதே ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்று இவருக்குச் சீட்டு வாங்கிவிடுவார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. முன்னால் புகுந்துவிடுகிறவர்களிடம்கூட அவர் வாய் திறப்பதில்லை. என் கணவரைத் தூக்கி வண்டியில் உட்கார வைப்பதும் இறக்குவதும் அவர்தான். இத்தனை மாதத்தில் என் கணவர் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தலைவரே என்றும் இல்லை, மச்சான் என்றும் இல்லை. அண்ணனும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

கிட்னி போனவர்கள் நினைத்தபடி தண்ணீர் குடிக்க முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து, ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஒரு வாய் கேட்டாலும் நான் தரக் கூடாது. என்னவெல்லாம் கெஞ்சி ஒரு நாள் குடிக்க வைத்தேனோ, அதை இப்போது நானே பூட்டி வைக்கிறேன்.

போன வாரம் மிஷின் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் தண்ணீர் கேட்டார். கோடு வரைக்கும் ஊற்றிக் கொடுத்தேன். அண்ணன் வழக்கம்போல் வாசற்படிக்குப் பக்கத்தில், போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றிருந்தார். என் கணவர் டம்ளரை வாய்வரை கொண்டுபோனவர், நிறுத்தினார். அவரைப் பார்த்தார்.

"மச்சான்," என்றார். "குடிக்கலாமா?"

அது குத்தலா, மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார், மறுபடி மறுபடி.

என் கணவர் குடித்தார். மெதுவாக, அளவு தீரும்வரை.